பழைய பியானோ வாங்கப் போகிறீர்களா? பெயரைக் கடைசியாகப் படியுங்கள்

பழைய பியானோ ஒன்று விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டால் எல்லாரும் முதலில் கேட்பது "என்ன மேக்?" என்றுதான். ஸ்டெய்ன்வே, பெக்ஸ்டைன், புளூத்னர் என்று பதில் வந்தால் பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும். விலை நம் கைக்கு எட்டாது. ஆனால் பெரும்பாலும் வேறு ஏதோ பெயர்தான் வரும். ஹாப்கின்சன், சேலன், பிரின்ஸ்மெட், மோனிங்டன் அண்ட் வெஸ்டன், இல்லாவிட்டால் யாருமே கேள்விப்படாத ஒரு ஜெர்மன் பெயர். இணையத்தில் தேடிப் பார்த்தால் அதே பெயரை ஒருவர் பொக்கிஷம் என்பார், இன்னொருவர் அடுப்புக்குத்தான் லாயக்கு என்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஒரே கம்பெனி ஒரே பத்தாண்டுக்குள் அருமையான பியானோவும் செய்திருக்கிறது, மலிவுச் சரக்கும் செய்திருக்கிறது.

அதனால் இந்த வழிகாட்டி பெயரிலிருந்து தொடங்கவில்லை. முதலில் உள்ளே திறந்து பார்ப்பது, பிறகு வயதைக் கணிப்பது, அதற்கப்புறம்தான் யார் செய்தது என்று விசாரிப்பது. லண்டன் பியானோக்காரர்களைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன். நம் ஊர்ப் பழைய வீடுகளிலும் தேவாலயங்களிலும் மலைவாசஸ்தல பங்களாக்களிலும் மிஞ்சிக் கிடப்பவற்றில் அவர்கள் சரக்கு நிறைய. மெட்ராஸில் 1842-லேயே மிஸ்குவித் கம்பெனி இசைக்கருவிக் கடை வைத்திருந்தது. அதுதான் இன்று அண்ணா சாலையில் இருக்கும் மியூசி மியூசிக்கல். கப்பலில் வந்த பியானோக்களுக்கு இங்கே நெடுங்காலமாகவே சந்தை இருந்தது.

கேம்டன் டவுனை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டனின் வடக்கே கேம்டன் டவுன், கென்டிஷ் டவுன் பகுதிகளில் தெருவுக்குத் தெரு பியானோப் பட்டறைகள் இருந்தன. மரம் கொண்டுவர ரீஜன்ட்ஸ் கால்வாய், சரக்கு அனுப்ப பக்கத்திலேயே ரயில். காலர்டு அண்ட் காலர்டு நிறுவனம் ஓவல் ரோட்டில் 1850-களின் தொடக்கத்தில் கட்டிய வட்ட வடிவத் தொழிற்சாலைக் கட்டடம் இன்றும் நிற்கிறது.

எல்லாப் பட்டறையும் முழுப் பியானோ செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கீ மட்டும் செய்பவர் ஒருவர், சுத்தியல்களும் நெம்புகோல்களும் சேர்ந்த ஆக்ஷன் மட்டும் செய்பவர் ஒருவர், கம்பிகளின் இழுப்பைத் தாங்கும் இரும்பு ஃபிரேம் வார்ப்பவர் ஒருவர், முன்பலகையில் மரச் சித்திர வேலை அறுப்பவர் ஒருவர். இவர்களிடம் பாகங்களை வாங்கி, மரப்பெட்டியில் பூட்டி, மூடியில் பொன்னெழுத்தில் தன் பெயரை எழுதிக்கொண்டவரும் 'பியானோ மேக்கர்'தான். ஒரு தலைமுறையோடு மறைந்துபோன பெயர்களில் பல இந்த வகை. இப்படிப் பூட்டியதெல்லாம் மட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். நல்ல ஆக்ஷனும் நல்ல ஃபிரேமும் வாங்கிப் போட்டவர் நல்ல பியானோவே செய்தார். பெயரைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது, அவ்வளவுதான்.

முதல் வேலை: மூடியில் உள்ளது யாருடைய பெயர்?

கீகளை மூடும் பலகையின் உள்பக்கம் எழுதியிருக்கும் பெயர் நான்கு விதமாக இருக்கலாம். உண்மையிலேயே செய்தவர் பெயர் ஒன்று. விற்ற கடைக்காரர் பெயர் இன்னொன்று. பெரிய ஊர் இசைக்கடைகள் தங்கள் பெயரைப் போட்டுக்கொடுக்கும்படி ஆர்டர் கொடுத்தன. மூன்றாவது, யாருமே இல்லாத ஒரு கற்பனைப் பெயர். இதற்கு ஸ்டென்சில் பியானோ என்று பெயர். நியூயார்க்கில் ஜோசப் ஹேல் என்பவர் 1860-களிலிருந்து இதைப் பெரிய வியாபாரமாகவே நடத்தினார்: மலிவாகப் பியானோ செய்து, வாங்கும் வியாபாரி கேட்கும் பெயரைப் பலகையில் பதித்துத் தந்தார். இங்கிலாந்திலும் இது நடந்தது. ஜெர்மன் பியானோ என்றால் உசத்தி என்ற எண்ணம் இருந்த காலத்தில், ஜெர்மன் மாதிரி ஒலிக்கும் பெயர்களும், பிரபலமான பெயரில் ஓர் எழுத்தை மாற்றிய பெயர்களும் பலகையில் ஏறின. எழுத்துக்கூட்டி, ஒவ்வோர் எழுத்தாகப் படியுங்கள்.

நான்காவது வகையில்தான் புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். பியானோவைத் திறந்ததும் உள்ளே 'ஷ்வான்டர்' அல்லது 'ஹெர்பர்கர்' என்று பெரிதாக இருக்கும். உடனே "பிரெஞ்சுப் பியானோ, ஷ்வான்டர் மேக்" என்று விளம்பரம் போட்டுவிடுவார்கள். ஷ்வான்டர் பாரிஸில் ஆக்ஷன் செய்த நிறுவனம். பல நாட்டுப் பியானோக்காரர்கள் அதனிடம் வாங்கிப் போட்டார்கள். ஜெர்மனியில் ரென்னர், அமெரிக்காவில் வெஸல் நிக்கல் அண்ட் கிராஸ் இவையும் அப்படித்தான். இந்தப் பெயர்கள் உள்ளே இருந்தால் சந்தோஷப்படலாம், செய்தவர் ஆக்ஷனில் காசு மிச்சம் பிடிக்கவில்லை என்று அர்த்தம். ஆனால் பியானோவின் பெயர் அதுவல்ல.

பெயரைக் குறித்துக்கொண்டீர்களா? சரி, அதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

திறந்து பாருங்கள்

அப்ரைட் பியானோவின், அதாவது பீரோ மாதிரி நிமிர்ந்து நிற்கும் பியானோவின், மேல்மூடியைத் தூக்கினால், முன்பலகையின் இரண்டு ஓரத்திலும் உள்பக்கம் திருகு கட்டையோ கொக்கியோ இருக்கும். அதை விலக்கி முன்பலகையைத் தூக்கினால் கையோடு வந்துவிடும். கீழ்ப்பலகைக்குக் கீபோர்டின் அடியில் ஒரு வில்பட்டை இருக்கும். மேலே அழுத்தினால் பலகை முன்னால் சாயும். விற்பவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். திறக்கவே கூடாது என்று சொல்பவரிடம் வாங்க வேண்டியதில்லை.

ஒரு டார்ச் போதும். முதலில் இரும்பு ஃபிரேம் எதுவரை போகிறது என்று பாருங்கள். கம்பிகளின் மேல்முனை சுற்றப்பட்டிருக்கும் ட்யூனிங் பின்கள் இரும்பைத் துளைத்துக்கொண்டு வந்தால், அதாவது பின்களைச் சுற்றி இரும்பு தெரிந்தால், அது முழு ஃபிரேம். இரும்பு பின்களுக்குக் கீழேயே நின்றுபோய், பின்கள் வெறும் மரத்தில் நட்டிருந்தால் முக்கால் ஃபிரேம். பியானோவில் இருநூறுக்கும் மேற்பட்ட கம்பிகள் உண்டு. நவீன பியானோவில் அவற்றின் மொத்த இழுவிசை 18, 20 டன் அளவுக்குப் போகும். பழையவற்றில் இது குறைவுதான், ஆனாலும் டன் கணக்குதான். முக்கால் ஃபிரேமில் அந்த இழுப்பில் பெரும்பங்கை மேலே உள்ள மரமே தாங்குகிறது. நூறு வருடம் தாங்கிய மரம் வெடித்திருக்கிறதா என்பதுதான் அங்கே கேள்வி.

ஒரே துண்டாக வார்த்த இரும்பு ஃபிரேம் அமெரிக்காவிலிருந்து வந்த யோசனை. பாஸ்டனில் ஆல்ஃபியஸ் பாப்காக் 1825-ல் சதுரப் பியானோவுக்குக் காப்புரிமை வாங்கினார். பியானோ செய்த சிக்கரிங் 1843-ல் அதைக் கிராண்டுக்கு, அதாவது கம்பிகள் படுக்கைவாட்டில் ஓடும் பெரிய பியானோவுக்கு, கொண்டுபோனார். லண்டன்காரர்கள் ரொம்ப நாள் தயங்கினார்கள். இரும்பு ஒலியைக் கெடுக்கும் என்று வாதாடியவர்களும் உண்டு. அந்தத் தயக்கத்துக்கு இன்று நாம்தான் சுருதி சேர்க்கும் ட்யூனருக்குக் காசு கொடுக்கிறோம்.

அடுத்து கம்பிகள். எல்லாக் கம்பியும் மேலிருந்து கீழாக நேராக ஓடினால் நேர்க்கம்பிப் பியானோ. தாழ்ந்த ஸ்வரங்களுக்கான கட்டைக் குரல் கம்பிகள் மற்றவற்றின் மேல் குறுக்கே சாய்ந்து ஓடினால் ஓவர்ஸ்டிரங். சாய்வாகப் போவதால் அதே உயரப் பெட்டிக்குள் நீளமான கம்பி கிடைக்கிறது. அதைத் தாங்கும் மரக்கட்டையான பிரிட்ஜும், ஒலியைப் பெருக்கும் மெல்லிய பலகையான சவுண்ட் போர்டின் நடுப்பக்கம் நகர்கிறது. கட்டை ஸ்வரங்கள் முழங்குவதற்கு இதுதான் காரணம். ஸ்டெய்ன்வே 1859-ல் கிராண்டில் இதற்குக் காப்புரிமை வாங்கியபின் ஜெர்மானியர்கள் வேகமாகப் பின்பற்றினார்கள். லண்டனின் மலிவுப் பட்டறைகளோ இருபதாம் நூற்றாண்டு பிறந்தும் நேர்க்கம்பியை விடவில்லை.

மூன்றாவது, டேம்பர்கள். கீயை விட்டதும் கம்பியின் ஒலியை அமர்த்தும், ஃபெல்ட் என்ற அழுத்திய கம்பளி ஒட்டிய கட்டைகள் இவை. முன்பலகையை எடுத்ததும் சுத்தியல்கள் நேராகத் தெரிந்தால் டேம்பர்கள் அவற்றுக்குக் கீழே இருக்கின்றன, நல்லது. சுத்தியல்களுக்கு முன்னால் செங்குத்தாகக் கம்பிகள் வரிசை கட்டி நின்று உள்ளே எதுவும் சரியாகத் தெரியாவிட்டால், அது ஓவர்டேம்பர். ஆங்கிலேயர்களே இதற்குப் 'பறவைக்கூண்டு' என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். டேம்பர் கம்பியின் மேல்முனைக்குப் பக்கத்தில், அதிர்வு குறைவாக உள்ள இடத்தில் தொடுவதால் ஒலி சட்டென்று நிற்காது. ஒரு ஸ்வரத்தின் வால் அடுத்த ஸ்வரத்தில் ஒட்டும். ட்யூன் செய்பவரின் கைக்கும் அந்தக் கம்பி வரிசை குறுக்கே நிற்கும். சில ட்யூனர்கள் பறவைக்கூண்டு என்றதும் வேறு வேலை இருக்கிறது என்று கிளம்பிவிடுவார்கள்.

ஆக முழு ஃபிரேம், ஓவர்ஸ்டிரங், கீழே டேம்பர். இந்த மூன்றும் இருந்தால் பெயர் தெரியாத பியானோவாக இருந்தாலும் மேற்கொண்டு பாருங்கள். மூன்றுமே இல்லை என்றால் பெரிய பெயராக இருந்தாலும் அது வாசிப்பதற்கான கருவியாக இனி நிற்பது கடினம். காட்சிக்கு வேண்டுமானால் வாங்குங்கள், தடையில்லை. வால்நட், தோதகத்தி மரப்பூச்சும் பித்தளை மெழுகுவர்த்தித் தாங்கியும் வைத்த விக்டோரியா காலப் பெட்டிகள் கொள்ளை அழகு.

பின்னைத் தொட்டுப் பார்ப்பது

வெளியே தெரியாத நோய் பின் பிளாக்கில்தான் இருக்கிறது. ட்யூனிங் பின்களைப் பிடித்து நிறுத்தும் கனமான மரக்கட்டை அது. சென்னையில் ஒரு வீட்டில் ட்யூனர் ஒருவர் இதைச் சோதிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். முதலில் எதையும் திருகவில்லை. போனில் ட்யூனர் ஆப்பைத் திறந்து நடு ஏ கீயை அழுத்தினார். விநாடிக்கு 427 அதிர்வு என்று காட்டியது. வரவேண்டியது 440, கால் ஸ்வரம் இறங்கியிருக்கிறது. அப்படியே ஒவ்வொரு கீயாக மேலே போனார். எல்லாம் ஏறக்குறைய அதே அளவு இறங்கியிருந்தன. தலையாட்டிக்கொண்டார். கட்டை ஸ்வரங்களின் பக்கம் வந்தபோது நாலைந்து ஸ்வரங்கள் மட்டும் தாறுமாறாகக் கிடந்தன. அதில் ஒரு பின்னில் லீவரை மாட்டி, ஒரு விரலால் லேசாகத் தள்ளினார். வெண்ணெயில் செருகிய மாதிரி பின் திரும்பியது.

"எங்க மாமனார் காலத்துல லண்டன்லேருந்து வந்தது தம்பி" என்றார் வீட்டுக்கார அம்மா.

"லண்டன்தாம்மா, நல்ல ஃபிரேம்தான். இந்த ஓரத்துல மட்டும் மரம் பின்னைப் பிடிக்க மாட்டேங்குது பாருங்க. இங்க தண்ணி எதுவும் இறங்குச்சா?"

மேலே இருந்த பூந்தொட்டியைப் பற்றி அதன் பிறகுதான் பேச்சு வந்தது.

அவர் செய்ததையே நீங்களும் பாதி செய்யலாம். எல்லா ஸ்வரமும் ஒரே சீராக இறங்கியிருந்தால் வெகுநாளாக ட்யூன் செய்யவில்லை, அவ்வளவுதான். பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்களுக்குள் பெரிய வித்தியாசம் இருந்தால் பின்கள் தளர்ந்திருக்கின்றன என்று சந்தேகப்பட வேண்டும். நாலைந்து பின்கள் என்றால் ஒரு சுற்றுப் பெரிய பின்னாக மாற்றிவிடலாம். பிளாக்கே வெடித்திருந்தால் செலவு பியானோ விலையைத் தாண்டும். 415 வரை, அதாவது அரை ஸ்வரம் இறங்கியிருந்தால் ஒரே நாளில் ஏற்றக் கூடாது. துருப்பிடித்த கம்பி படீரென்று அறும். இரண்டு மூன்று தவணையில் ஏற்றச் சொல்லுங்கள்.

"பழைய பியானோ 440 தாங்காது" என்று ஒரு பேச்சு உண்டு. அது பாதி உண்மைதான். விக்டோரியா காலத்து லண்டனில் கச்சேரிகளின் சுருதி ஏ 452 வரை ஏறியிருந்தது. பில்ஹார்மோனிக் சங்கம் 1896-ல்தான் அதை 439-க்கு இறக்கியது. ஏ 440 என்பது 1939-ல் லண்டனில் நடந்த மாநாட்டில் ஒப்புக்கொண்டது. ஆகவே அந்தக் காலத்து நல்ல லண்டன் பியானோ செய்த புதிதில் நம்முடையதைவிட உயர்ந்த சுருதியையே தாங்கியிருக்கிறது. இன்று தாங்காததற்குத் துருவும் காய்ந்த மரமும்தான் காரணம்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சவுண்ட் போர்டில் விரிசல் இருந்தால் பயப்பட வேண்டாம். வாசிக்கும்போது கரகரவென்று அதிர்ந்தால்தான் கவலை. பிரிட்ஜில் சின்ன ஆணிகளைச் சுற்றி வெடிப்பு இருந்தால் அது நிஜமான குறை. சுத்தியல் ஃபெல்ட்டில் ஆழமான கம்பித் தடமும் பூச்சி அரிப்பும் இருக்கிறதா பாருங்கள். எல்லாக் கீயையும் மெதுவாக அழுத்தி விடுங்கள், எழும்பாதவற்றை எண்ணுங்கள். பின்பக்கச் சட்டங்களைத் தட்டிப் பார்த்து, மண் கோடு தெரிகிறதா என்று குனிந்து பாருங்கள். கரையான் ஏறிய பியானோவை இலவசமாகக் கொடுத்தாலும் வீட்டுக்குள் விடாதீர்கள்.

வயதைக் கண்டுபிடிப்பது

வரிசை எண் மேல்மூடிக்குக் கீழே ஃபிரேமிலோ, பின்பக்க மரத்திலோ, பக்கப்பலகையின் உள்புறமோ அடித்திருக்கும். பெரிய நிறுவனங்களுக்கு எண்ணை வைத்து ஆண்டு சொல்லும் பட்டியல்கள் உண்டு. சின்ன நிறுவனங்களுக்குப் பெரும்பாலும் கிடையாது. வார்ப்பில் புடைத்து நிற்கும் எண் ஃபிரேம் மாடலின் எண்ணாக இருக்கலாம். மை அல்லது அச்சால் குத்திய எண்ணைத் தேடுங்கள்.

எண் கைகொடுக்காவிட்டால் இடது கோடியில் உள்ள கடைசிக் கட்டை ஏ கீயை உருவி அதன் பக்கவாட்டைப் பாருங்கள். கீ செய்தவர் முத்திரையோ பென்சிலில் ஒரு தேதியோ இருக்கலாம். ட்யூனர்களுக்கும் கீயின் பக்கவாட்டில் தங்கள் பெயரும் தேதியும் கிறுக்கிவைக்கும் பழக்கம் இருந்தது. பழைய தேதி எதுவோ, பியானோ அதற்கு முன்னால் பிறந்தது.

பலகையில் உள்ள வாசகங்களும் துப்பு கொடுக்கும். கம்பெனி கண்காட்சிகளில் வாங்கிய பதக்கங்களின் படங்களில் கடைசியாக உள்ள ஆண்டு எதுவோ, அதற்குப் பின்னால் செய்தது. 'நிறுவப்பட்டது 1804' என்பதைப் பியானோ பிறந்த ஆண்டாக எடுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அது கம்பெனி பிறந்த ஆண்டு. 'ஜெர்மனியில் செய்தது' என்று ஆங்கிலத்தில் இருந்தால் பெரும்பாலும் 1887-க்குப் பின். வெளிநாட்டுச் சரக்கில் நாட்டின் பெயரைப் போட வேண்டிய நிலையைப் பிரிட்டன் அந்த ஆண்டுச் சட்டத்தில்தான் கொண்டுவந்தது. 88-க்குப் பதில் 85 கீகள் இருந்தால், அதாவது மேல்முனை ஏ-யில் முடிந்தால், பத்தொன்பதாம் நூற்றாண்டாகவோ அதை ஒட்டியோ இருக்க வாய்ப்பு அதிகம். மூன்று கீ குறைவதால் மாணவர்களுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. அந்தக் கோடிக்குக் கை போவதே அபூர்வம்.

1915 என்ற ஆண்டையும் நினைவில் வையுங்கள். உலகப்போரின்போது பிரிட்டன் கார், கடிகாரம், இசைக்கருவி போன்ற இறக்குமதிகளுக்கு மூன்றில் ஒரு பங்கு வரி போட்டது. ஜெர்மன் வரவு ஏற்கெனவே நின்றிருந்தது. லண்டனில் ஜெர்மன் கம்பெனியான பெக்ஸ்டைனின் கச்சேரி அரங்கையும் அலுவலகத்தையும் 137 பியானோக்களோடு சேர்த்து 1916-ல் 56,500 பவுண்டுக்கு டெபன்ஹாம்ஸ் கடைக்கு விற்றுவிட்டார்கள். அந்த அரங்குதான் 1917-லிருந்து விக்மோர் ஹால். போட்டி ஒழிந்த நேரத்தில் லண்டன்காரர்கள் ஜெர்மன் பாணியையே கையிலெடுத்தார்கள். முழு ஃபிரேம், ஓவர்ஸ்டிரங், கீழ் டேம்பர் எல்லாம் நடுத்தரப் பெயர்களிலும் பரவின. என்னைக் கேட்டால், புதிதாக வாங்குபவர் 1880-ஐவிட 1920-களின் லண்டன் அப்ரைட்டைத் தேடுவது நல்லது. பழசு என்பதற்காக மட்டும் பியானோ மதிப்பு ஏறுவதில்லை. வயலின் கதை வேறு.

இப்போது பெயருக்கு வருவோம்

காலர்டு அண்ட் காலர்டு: இசையமைப்பாளர் முத்ஸியோ கிளெமென்டி நடத்திய கம்பெனியின் வாரிசு. நுணுக்கமான மரவேலை. பழையவற்றில் நேர்க்கம்பியும் பறவைக்கூண்டும் சகஜம், அதனால் ஒவ்வொன்றையும் தனியாகப் பார்க்க வேண்டும். 1929-ல் சாப்பெல் வாங்கிவிட்டது.

சாப்பெல் தனியாகவே சொல்லத் தக்கது. பாண்ட் தெருவில் இசைப் பதிப்பகமாக 1811 வாக்கில் தொடங்கி, பிறகு பியானோவுக்கு வந்தது. இருபதாம் நூற்றாண்டு சாப்பெல் அப்ரைட்டுகள் கனமானவை, கட்டை ஸ்வரம் ஆழமானது. பெயர் ஓரளவு தெரிந்தும் விலை குறைவாகவே கிடைக்கும் பியானோ இது.

பிரின்ஸ்மெட்: ஜான் பிரின்ஸ்மெட் டெவன் கிராமத்திலிருந்து லண்டன் வந்து 1830-களில் தொழில் தொடங்கியவர். 1868-ல் காப்புரிமை வாங்கிய ஆக்ஷன், 1878 பாரிஸ் கண்காட்சியில் பிரெஞ்சு அரசின் லீஜன் ஆஃப் ஹானர் விருது என்று பெரும் புகழ். முதல் உலகப்போருக்குப் பின் கம்பெனி நொடித்தது. பெயர் க்ராமர் கம்பெனியின் கைக்குப் போய், பின்னாளில் கெம்பிள் கம்பெனியிடம் சேர்ந்தது. எனவே பிரின்ஸ்மெட் என்ற ஒரே பெயருக்குப் பின்னால் குறைந்தது மூன்று தொழிற்சாலைகள் இருக்கின்றன. 1920-க்கு முந்தைய பிரின்ஸ்மெட்டும் 1970-களின் பிரின்ஸ்மெட்டும் பெயரில் மட்டுமே உறவு.

சேலன்: 1804 என்று போட்டுக்கொள்ளும் நிறுவனம், ஆனால் பொற்காலம் 1920, 30-கள்தான். சின்ன கிராண்டுகளை நடுத்தரக் குடும்பம் வாங்கும் விலைக்குக் கொண்டுவந்தார்கள். ஐந்தாம் ஜார்ஜின் வெள்ளிவிழாவுக்கு 1935-ல் 11 அடி 8 அங்குல நீளத்தில் ஒரு ராட்சச கிராண்ட் செய்து காட்டினார்கள். அடுத்த ஆண்டு பிபிசிக்குப் பியானோ தரும் ஒப்பந்தமும் கிடைத்தது. அந்தக் காலத்து சேலன் நல்ல நிலையில் கிடைத்தால் யோசிக்காமல் ட்யூனரைக் கூட்டிப் போங்கள்.

ஹாப்கின்சன் லீட்ஸில் 1835-ல் தொடங்கி, 1846-ல் லண்டன் வந்தது. மோனிங்டன் அண்ட் வெஸ்டன் 1858. இரண்டும் ஆடம்பரம் இல்லாத, நேர்மையான வேலை. கிர்க்மன் என்று பார்த்தால் சற்று நில்லுங்கள்: பதினெட்டாம் நூற்றாண்டில் பியானோவுக்கு முந்தைய கீபோர்டுக் கருவியான ஹார்ப்சிகார்டுக்குப் பேர்போன குடும்பம், 1896-ல் காலர்டோடு இணைந்துவிட்டது. வரலாற்று ஆர்வம் இருப்பவருக்கு ஏற்றது, வாசிக்கப் பழகும் பிள்ளைக்கு வேண்டாம்.

தவிர்க்கச் சொல்வது ஒன்று உண்டு: ஈவ்ஸ்டாஃப் பெயரில் 1934-லிருந்து வந்த மினிபியானோ. கண்ணுக்கு லட்சணமான குட்டிப் பெட்டி. முதல் மாடல்களில் ட்யூனிங் பின்கள் கீபோர்டுக்கு அடியில் முன்பக்கம் இருக்கும். பழுது பார்க்க ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு.

ஜெர்மன் பெயர்களில் டிரெஸ்டனின் ரோனிஷ் (1845), ஸ்டுட்கார்ட்டின் லிப் (1831), ஷீட்மாயர், லைப்ஸிக்கின் ஃபாய்ரிஹ் (1851) இவையெல்லாம் பெக்ஸ்டைன் அளவு பேசப்படாதவை, ஆனால் நல்ல நிலையில் இருந்தால் லண்டன் நடுத்தரத்தைத் தூக்கிச் சாப்பிடும். பாரிஸின் அன்ட்வான் போர்ட் மலிவுக்குப் பேர்போனவர். அவருடைய 'பியானெட்' குட்டையானது, லேசானது, அந்தக் காலத்துக்கு நல்ல சரக்கு. இன்றைக்கு அலங்காரம்தான்.

வெப்பநாட்டுக் கட்டுமானம்

ஐரோப்பியக் கம்பெனிகள் இந்தியாவுக்கென்றே தனியாகக் கட்டிய பியானோக்களையும் அனுப்பின. ஒட்டிய பூச்சுக்குப் பதில் கட்டித் தேக்குப் பெட்டி, பசையை மட்டும் நம்பாமல் பித்தளைத் திருகு போட்ட மூட்டுகள், கீ முனைகளிலும் சின்ன ஆணி. பசை ஈரத்தில் இளகுவதுதான் நம் ஊரில் பியானோவின் முதல் எதிரி என்பதால் இந்தத் திருகுகளுக்கு மதிப்பு அதிகம். 'இந்தியாவுக்காகச் சிறப்பாகச் செய்தது' என்ற வாசகம் இருந்தாலும் திருகுகளைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

தந்தக் கீ இருந்தால்

வெள்ளைக் கீயின் மேல்தகடு, கறுப்புக் கீ தொடங்கும் இடத்தில் மெல்லிய குறுக்குக் கோடோடு இரண்டு துண்டாக இருந்து, சாய்ந்த வெளிச்சத்தில் ரேகை தெரிந்தால் பெரும்பாலும் தந்தம். ஒரே துண்டாக, ரேகையில்லாமல் மஞ்சளடித்திருந்தால் செல்லுலாய்டு என்ற பழைய வகை பிளாஸ்டிக். கறுப்பு, நல்ல பியானோக்களில் கருங்காலி.

இது சட்ட விஷயம். இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தந்த வணிகம் தடைசெய்யப்பட்டது. 1991 திருத்தத்துக்குப் பின் இறக்குமதியான ஆப்பிரிக்கத் தந்தமும் அதில் அடக்கம். வாங்குவதற்கு முன் வனத்துறையிலோ விஷயம் தெரிந்த வழக்கறிஞரிடமோ கேட்டுவிடுங்கள். பிரிட்டனில் 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, 1975-க்கு முன் செய்த, தந்தம் 20 சதவீதத்துக்கும் குறைவான இசைக்கருவிகளைப் பதிவுசெய்தால் விற்கலாம். அங்கிருந்து கொண்டுவர நினைப்பவர்கள் இரண்டு நாட்டுச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். லண்டன் உறவினர் "இங்கே சும்மாவே கொடுக்கிறார்கள்" என்று போன் செய்தால் கப்பல் கூலியோடு இதையும் சேர்த்து யோசியுங்கள்.

வீட்டுக்கு வந்தபின்

அப்ரைட் ஒன்று 200 கிலோவைத் தாண்டும். பீரோ தூக்கும் ஆட்களை நம்பிப் படியேற்ற வேண்டாம். பியானோ தூக்கிப் பழகியவர்களையே கூப்பிடுங்கள், அவர்கள் கூலியைக் கேட்டுக்கொண்ட பிறகே பியானோவின் விலையைப் பேசுங்கள். வெயில் படாத உள்சுவர் ஓரம் வையுங்கள். ஏசி காற்று நேராக அடிக்கக் கூடாது. ஏசியைப் பகலில் அணைத்து இரவில் மட்டும் போடும் அறையில் ஈரம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், அது இன்னும் மோசம். மழைக்காலத்தில் கீழ்ப்பலகைக்குள் குறைந்த வாட் பல்பு எரியவிடுவது நம் ஊர்ப் பழக்கம். வேலை செய்கிறது, ஆனால் ஃபெல்ட்டையும் மரத்தையும் தொடாமல், கம்பிவலைக்குள் வைக்க வேண்டும். இப்போது பியானோவுக்கென்றே ஈரம் போக்கும் ஹீட்டர் ராடு கிடைக்கிறது. முடிந்தால் அதை வாங்குங்கள். மூடியின் மேல் பூந்தொட்டி, தண்ணீர்ச் சொம்பு எதுவும் கூடாது.

வந்த அன்றே ட்யூனரைக் கூப்பிடாதீர்கள். மரம் புது அறையின் ஈரத்துக்குப் பழக இரண்டு மூன்று வாரம் விடுங்கள். முதல் ட்யூனிங் சில வாரங்களில் இறங்கிவிடும், அது பியானோவின் குறையல்ல. மூன்று மாதத்தில் இன்னொன்று, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ட்யூனர் வரும் நாளில் ஃபேனை நிறுத்தி, மிக்சி சத்தம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டை ஏ கீயை உருவி, பழைய தேதிகளுக்குக் கீழே அன்றைய தேதியையும் பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். அடுத்த முறை எத்தனை மாதம் ஆயிற்று என்று தேட வேண்டியிருக்காது.